சும்மா அடிக்கும் பறை

காரைக்காலுக்கு வடக்கே, கோட்டுச்சேரி கொம்யூனைச் சேர்ந்த ஊர் வரிச்சிக்குடி. வயலும் வாய்க்காலும், சற்றுத் தொலைவில் கடலுமாகக் காவிரிக் கடைமடை ஊர்களுக்கே உரிய தோற்றம் கொண்டது. சென்ற தை மாதத்தில் ஒரு மாலை அவ்வூர் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். பறையொலி கேட்டது. கடைமடையில் வளர்ந்த எவருக்கும் அவ்வொலி முதலில் நினைவூட்டுவது சாவைத்தான். வண்டியை நிறுத்தி, மதகின்மேல் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம், எந்த வீட்டில் துக்கம் என்று கேட்டேன்.

"சாவு ஒண்ணும் இல்ல சார். புள்ளைங்க சும்மா அடிக்கிதுங்க" என்றார்.

சற்றுத் தள்ளி, பூவரசு மரத்தடியில் எட்டுப் பத்து இளைஞர்கள் நின்றிருந்தனர். அவர்களில் இரண்டு மூன்று பெண்களும் இருந்தனர். ஒருவன் வைக்கோலைக் கொளுத்திப் பறையைச் சூடுகாட்டிக்கொண்டிருந்தான். பந்தல் இல்லை, மேடை இல்லை, பார்ப்பவர் என்று எவரும் இல்லை. ஓர் அடவில் கால் தவறியது. எல்லோரும் சிரித்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள். இருட்டும்வரை அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

முதியவர் சொன்ன 'சும்மா' என்ற சொல் சில நாட்கள் என்னுடனேயே இருந்தது. காரணமின்றி, கூலியின்றி, கட்டாயமின்றி, பயன் கருதாமல் என்று எத்தனையோ பொருள்களைத் தரும் சொல் அது. வீணையையோ மிருதங்கத்தையோ ஒருவர் சும்மா வாசிப்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பறையைச் சும்மா அடிப்பது அப்படியன்று. அந்தக் கருவியின் பக்கத்தில் அந்தச் சொல் வந்து சேர்வதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகியிருக்கின்றன. அவ்வரலாற்றின் சில பகுதிகளை இங்கே தொகுத்துப் பார்க்க விரும்புகிறேன். அதில் ஒரு பகுதி, காரைக்காலிலிருந்து கப்பலேறிப் போனது.

*

தமிழ் இலக்கியம் பயின்றோர்க்குப் பறை புதிதன்று. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லவந்த தொல்காப்பியர், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் ஒன்றாக வைத்தார். குறிஞ்சிக்குத் தொண்டகம், மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பிற்காலத்தார் வகுத்துக் காட்டினர். அறுவடைக்கும் மீன் பிடிப்புக்கும் போருக்கும் விழாவுக்கும் பறை இருந்தது. சாவுக்கும் இருந்தது, ஆனால் சாவுக்கு மட்டுமே உரியதாக இல்லை. மாங்குடி கிழார் பாடிய 335ஆம் புறப்பாட்டு, துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நான்கையுமே குடிகள் என்று மதிக்கிறது.

சங்க காலத்துக் கலைஞர் பொருளை வேண்டாதவர் என்று சொல்ல முடியாது. விடியற்காலையில் புரவலன் முற்றத்தில் நின்று கிணையை அறைந்து பாடிய பொருநர்க்கு நெல்லும் கள்ளும் புத்தாடையும் தேவைப்பட்டன. பசியைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசிய கலைஞர் கூட்டம் வேறு எங்கும் இருந்ததா என்றுகூடத் தோன்றும். ஆயினும் அவர்களிடம் ஒன்று இருந்தது. அதியமான் தன்னை நேரில் காணாமலேயே பரிசில் கொடுத்தனுப்பியபோது பெருஞ்சித்திரனார் அதை ஏற்கவில்லை. தாம் வாணிகப் பரிசிலன் அல்லர் என்று சொல்லிவிட்டார் (புறம் 208). தகுதி அறிந்து தருவது தினையளவே ஆயினும் இனிது என்பது அவர் கட்சி. பரிசிலை வேண்டி நிற்பவனுக்கும் அதை மறுக்கும் உரிமை உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த உரிமையின் எதிர்ப்பக்கத்தைச் சோழர் காலத்தில் காண்கிறோம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறிக்கச்செய்த கல்வெட்டுகள், வரி நீக்கப்பட்ட இடங்களாக ஊர்நத்தத்தையும் குளத்தையும் வாய்க்காலையும் சுடுகாட்டையும் சொல்லும்போது பறைச்சேரியையும் தனியே சொல்கின்றன. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அவற்றில் இடம்பெறுகிறது. கருவியின் பெயரைத் தாங்கிய மக்கள் ஊருக்கு வெளியே ஒரு சேரியாக அளந்து வைக்கப்பட்டுவிட்டனர்.

அடுத்த நூற்றாண்டில் சேக்கிழார் திருநாளைப்போவாரின் கதையைச் சொன்னார். கொள்ளிடக் கரையின் ஆதனூரில் வாழ்ந்த நந்தனார்க்குப் 'பறைத்துடவை' வாழ்வாதாரமாக இருந்தது. பறையறையும் பணிக்கென்று ஊர் விட்ட நிலம் அது. கோயில்களின் பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அவர் கொடுத்துவந்தார். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் சென்றது. அவர் வாயிலுக்கு வெளியே நின்றார். பக்திக் கதையாக அதைப் படிக்கும் நாம், அந்த ஒற்றைச் சொல்லில் அடங்கிய நிலவுடைமை வரலாற்றைக் கடந்துபோய்விடுகிறோம். ஊர் நிலம் விட்டால், ஊர் கூப்பிடும்போது போகவேண்டும். பெருஞ்சித்திரனார் செய்ததை நந்தனார் செய்ய இயலாது.

*

தஞ்சை வட்டாரத்து மிராசு முறையில், களத்து மேட்டில் நெல் அளக்கும்போது ஊர்ப்பணி செய்பவர்களுக்கு ஒதுக்கப்பட்ட பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் வருவாய் ஆவணங்களில் அப்பங்குக்கு வழங்கிய பெயர்களில் ஒன்று 'சுதந்திரம்'. தச்சனுக்கும் கொல்லனுக்கும் வண்ணானுக்கும் நாவிதனுக்கும் வெட்டியானுக்கும் அவரவர் சுதந்திரம் உண்டு. பின்னாளில் விடுதலை என்ற பொருளில் ஒரு நாடே முழங்கிய சொல், களத்து மேட்டில் சில மரக்கால் நெல்லைக் குறித்தது. அந்நெல்லை வாங்குபவனுக்கு, இன்று உடம்பு முடியவில்லை, வரமாட்டேன் என்று சொல்லும் உரிமைகூட இருந்ததில்லை. சாவைச் சொல்லிப் போகவேண்டும். சவத்தின் முன் அடித்துக்கொண்டு நடக்கவேண்டும். ஊர்ச் செய்தியைத் தண்டோராப் போடவேண்டும். செத்த மாட்டையும் அப்புறப்படுத்தவேண்டும். இவை யாவும் ஒரே கட்டில் கட்டப்பட்டிருந்தன. ஒன்றை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொள்ள வழியில்லை.

அந்தக் கட்டுக்குள்ளேயும் கலை இருந்தது என்பதை மறக்கலாகாது. பலா, வேம்பு, பூவரசு போன்ற மரங்களில் மூன்று வளைவுத் துண்டுகளை அறுத்து, உலோகப் பட்டையால் வட்டமாக இணைப்பார்கள். பதமாக்கிய கன்றுத் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் அவ்வட்டத்தில் ஒட்டி இழுத்துக் காயவைப்பார்கள். தோளில் தொங்கவிட்டு, ஒரு கையில் தடித்த குட்டையான அடிக்குச்சியும் மறு கையில் மெல்லிய நீண்ட சிண்டுக்குச்சியும் பிடிப்பார்கள். ஈரக் காற்றில் தோல் தளரும்; தீயில் காட்டினால் மீண்டும் விறைக்கும். எவ்வளவு நேரம் காட்டவேண்டும் என்பது அளவு சொல்லிக் கற்பிக்கக்கூடியதன்று. விரலால் சுண்டிக் கேட்டு அறியவேண்டும். ஒத்தையடி, சப்பரத்தடி, சாமிச்சாட்டு அடி, மருள் அடி, வாழ்த்தடி என்று அடிகளுக்கு வகையும் பெயரும் உண்டு. ஏடு இல்லாமல், இலக்கணம் எழுதப்படாமல், தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த தாளக் கணக்கு இது. இவ்வளவு நுட்பமான ஒன்றைச் செய்கிறவனுக்கு அதில் மகிழ்ச்சியே இருந்திராது என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சியைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும் நேரமும் இடமும் அவனுக்கு இருந்ததில்லை.

*

1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், 19ஆம் நூற்றாண்டில் நெல்லை மட்டும் ஏற்றுமதி செய்யவில்லை. பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளில் 1848இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும், ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைகளாயின. 1860, 1861ஆம் ஆண்டுகளில் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைகளால், பிரிட்டிஷ் இந்தியாவின் மக்களையும் முறையாகவே ஏற்றிச் செல்ல முடிந்தது. எல்லைக்கு அப்பாலிருந்த தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாள்களுக்குக் காரைக்கால் ஒரு நாள் நடைதான். குவாதலூப்புக்கு 1854 முதல் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், மார்த்தினிக்குக்கு 1853 முதல் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், ரெயூனியனுக்கு அந்நூற்றாண்டு முழுவதிலும் லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து சென்றனர். பெரும்பாலோர் தமிழர். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்பது பெயர். அங்கே நடந்த கொடுமைகள் காரணமாக ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை 1882இல் பிரிட்டிஷ் அரசே நிறுத்த நேர்ந்தது என்பதிலிருந்து அவ்வாழ்வை ஊகிக்கலாம்.

கப்பலேறியவர்களில் பல சாதியினரும் இருந்தனர், நிலமற்றோரே மிகுதி. அவர்களோடு பறையும் போயிற்று. அங்கே அதன் பெயர் தபு. நம் வட்டாரத்தில் வழங்கும் தப்பு என்ற பெயரேதான். மத்தளம் அங்கே மத்தலோன் ஆயிற்று, தாளம் தாலோம், இரவு முழுதும் ஆடிய நாடகம் நாத்ரோன். தலைமுறைகள் சென்றன; வீட்டில் கிரியோல் மொழி வந்தது; பள்ளியில் பிரெஞ்சு வந்தது; தமிழ் பேசுவோர் அருகினர். மார்த்தினிக்கின் பாஸ்புவாந்த் பகுதியில் தோட்டக் கங்காணியாகவும் மாரியம்மன் பூசாரியாகவும் வாழ்ந்த அந்துவான் தங்காமேன் என்பவரைக் கிரியோல் மொழியில் 'பறவை' என்று பொருள்படும் ஸ்வாசோ என்ற பெயரால் அழைத்தனர். அத்தீவில் தமிழ் அறிந்த கடைசி மனிதர்களில் ஒருவராக அவரைக் கருதி, அவர் வாழ்க்கைக் கதையை ழெரி லெத்தாங் என்னும் ஆய்வாளரும் மற்றொருவரும் பதிவு செய்து வெளியிட்டனர். மொழி ஒரு மனிதரோடு மறையும் நிலைக்கு வந்த தீவில், தாளம் மறையவில்லை. சொல்லின் பொருள் தெரியாதவர்களின் கையிலும் அடி பிழையாமல் நின்றது.

ஏன் நின்றது? பக்தி என்ற விடை எளிதானது, உண்மையும்கூட. மாரியம்மன் பூசையும் தீமிதியும் இன்றும் அத்தீவுகளில் நடக்கின்றன. தபு இல்லாமல் அவை தொடங்குவதில்லை. ஆட்டுத் தோல் போர்த்திய தபுவை அங்கேயும் தீயில் காட்டித்தான் விறைப்பேற்றுகிறார்கள். ஆனால் இன்னொரு காரணத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று தோன்றுகிறது. தோட்ட முதலாளிக்கு அவர்களின் உடல் உழைப்பு முழுவதும் ஒப்பந்தத்தால் சொந்தம். வெட்டிய கரும்புக்குக் கணக்கு உண்டு. வராத நாளுக்கு அபராதம் உண்டு. அந்தக் கணக்கில் வராதது தப்பு ஒன்றுதான். எந்த முதலாளியின் சாவுக்கும் யாரும் அவர்களைப் பறையடிக்க அழைக்கவில்லை. களத்து மேடு இல்லை, சுதந்திர நெல் இல்லை. கப்பலிலும் குடியிருப்பு வரிசைகளிலும் கலந்து வாழ்ந்ததில் சாதி அடுக்கு குலைந்திருந்தது. இன்ன பிறப்பினன்தான் இதைத் தொடவேண்டும் என்ற விதியும் அதனோடு குலைந்தது. கரும்பு வெட்டிய கை, ஓய்வு கிடைத்த இரவில் குச்சியைப் பிடித்தபோது, அது எவருக்கும் கடன்பட்ட கையாக இல்லை. ஊரில் இழிவின் அடையாளமாக இருந்த கருவி, அங்கே தெய்வத்தின் முன் முதலில் ஒலிக்கும் கருவியாயிற்று. தன் கலையைத் தன்னுடையதாக அனுபவிப்பதற்கு, ஒரு மனிதன் இரண்டு கடல் தாண்டி இன்னொரு கொத்தடிமை வாழ்வுக்குப் போகவேண்டியிருந்தது என்பது நம் வரலாற்றின் கசப்பான முரண்களில் ஒன்று.

கடல் தாண்டியதாலேயே இது நிகழ்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதே நூற்றாண்டில் இலங்கை மலையகத்துக்குப் போனவர்களும் தப்பைக் கொண்டுசென்றனர். அங்கே தோட்டத்துரையின் நிர்வாகம் அதை வேலைக்கு எடுத்துக்கொண்டது. விடியுமுன் லயத்து மக்களை எழுப்பிப் பிரட்டுக் களத்துக்கு அழைப்பதற்குத் தப்பு அடிக்கப்பட்டது. சி.வி.வேலுப்பிள்ளையின் தேயிலைத் தோட்டக் கவிதைகளில் அந்த விடியற்காலை முழக்கம் கேட்கும். அதே தப்புத்தான் காமன் கூத்து இரவுகளில் ஆட்டத்துக்கும் ஒலித்தது. ஒரே கருவி, ஒரே கை. விடியலில் பிறருக்காக, இரவில் தனக்காக. அந்த இரண்டு ஒலிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தாளக் கணக்கில் தேடினால் கிடைக்காது.

*

கப்பலேறாதவர்கள் என்ன செய்தார்கள்? அவர்களுக்குத் தெரிந்த வழி, கருவியைக் கீழே வைப்பது.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். வசைச்சொல்லாக வீசப்பட்ட பெயரை நிமிர்ந்து ஏந்தும் துணிவு அது. ஐரோப்பிய மொழிகளிலும் அப்பெயர் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் புழங்கிக்கொண்டிருந்த காலம். ஆனால் பெயரை ஏந்துவது வேறு, பணியைச் செய்வது வேறு. 20ஆம் நூற்றாண்டில் தமிழகத்தின் பல பகுதிகளில் இழிதொழில் மறுப்பு இயக்கங்கள் எழுந்தன. கொள்ளிடத்துக்கு வடக்கே காட்டுமன்னார்கோயில் பகுதியில் எல்.இளையபெருமாள், பறையடிக்கவும் செத்த மாட்டைத் தூக்கவும் மாட்டோம் என்ற போராட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்றார். பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராகி, தீண்டாமை பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமையேற்று, 1969இல் அறிக்கை அளித்தவர் அவர். மறுத்தவர்கள் எளிதில் விடப்படவில்லை. கூலி நிறுத்தப்பட்டது, அடி உதையும் ஊர்விலக்கும் இருந்தன.

கலை அழிகிறதே என்று கவலைப்படும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த அத்தியாயம் சங்கடமானது. ஒரு தாள மரபைத் தாமே முன்வந்து தூக்கியெறிந்தவர்களை எப்படிப் புரிந்துகொள்வது? நாட்டார் கலைகளைப் பற்றிய கட்டுரைகளில் 'அழிந்துவரும் கலை' என்று எழுதிவிட்டுப் போவது நம் வழக்கம். திரைப்படம் வந்தது, தொலைக்காட்சி வந்தது, இளைஞர் நாட்டம் குறைந்தது என்று காரணங்களை அடுக்குவோம். பறையைப் பொறுத்தவரை முதன்மையான காரணம் அவர்களின் தன்மானம். வெகுகாலம் அதை நானும் கலைக்கு நேர்ந்த இழப்பாகவே எண்ணியிருந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை. பெருஞ்சித்திரனார் பரிசிலை மறுத்ததைப் புலமையின் பெருமிதமாக வகுப்பில் கற்பிக்கிறோம். பறையைக் கீழே வைத்தவன் செய்ததும் அதுவேதான். அவன் மறுத்த அந்த மௌனமும் பறை வரலாற்றின் ஒரு பகுதி.

*

மௌனத்துக்குப் பிறகு எழுந்த ஒலி வேறாக இருந்தது. 1980களிலும் 90களிலும் பறை மீண்டும் கையில் எடுக்கப்பட்டது. எடுத்தவர்களில் பலர், அதைக் கீழே வைத்தவர்களின் பிள்ளைகள். கே.ஏ.குணசேகரன் 'தன்னானே' கலைக்குழுவின் வழியாகச் சேரிப் பாட்டையும் தாளத்தையும் மேடைக்குக் கொண்டுவந்தார். பின்னர் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையில் பேராசிரியராக இருந்தார். மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு தேவாலய வழிபாட்டுக்குள் பறையைக் கொண்டுசென்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தோல் மட்டும் போன இடத்துக்கு, வேறொரு சமயத்தில், அடிப்பவனும் போனான். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் பறையை ஏந்தினர். சாவு ஊர்வலத்தில் பெண்களுக்கு இடமே இல்லாதிருந்ததால், அவர்கள் கையில் அக்கருவி எந்தப் பழைய கடமையையும் நினைவூட்டவில்லை. அலங்காநல்லூர் வேலு ஆசான் பல தலைமுறை இளைஞர்களுக்குக் கற்பித்து, 2025இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தண்டோராப் போடும் வழக்கத்தைக் கைவிடவேண்டும் என்று தமிழக அரசின் தலைமைச் செயலர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில். ஒரே கருவிக்கு விருதும் தடையும் மூன்றாண்டு இடைவெளியில் வந்திருப்பது முரண்போலத் தோன்றும். முரண் இல்லை. கட்டாயம் தடுக்கப்பட்டது, கலை மதிக்கப்பட்டது. கட்டு அவிழ்ந்திருக்கிறது.

இன்று வட அமெரிக்கத் தமிழ்ப் பள்ளிகளிலும் வார இறுதிகளில் பறை கற்கிறார்கள். எல்லாச் சாதியினரும் கற்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆயினும் இங்கே இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விடக்கூடாது.

முதலாவது, ஊதியத்தைப் பற்றியது. பயன் கருதாமல் செய்யும்போதே கலை இன்பம் தருகிறது என்பது அழகான கருத்து. அதைக் கலைஞனின் கூலியைக் குறைப்பதற்குச் சாக்காக எடுத்துக்கொள்வது எளிது. விழாக் குழுவினர் நாகசுரக்காரருக்கு ஒரு தொகையும் பறைக் கலைஞருக்கு வேறொரு தொகையும் பேசுவதை நாம் அறிவோம். நான் மேலே சொன்ன வரலாறு காசுக்கு எதிரானதன்று. கிணைப்பொருநன் காசு வாங்கினான். அவன் கலை தாழவில்லை. வெட்டியானுக்கு நெல் கொடுக்கப்பட்டது. அவன் மனிதனாகவே நடத்தப்படவில்லை. இருவருக்கும் உள்ள வேறுபாடு கூலியில் இல்லை. 'வரமாட்டேன்' என்று சொல்ல முடிந்ததா என்பதில் இருக்கிறது. தொழிலாக அடிப்பவனுக்கு உரிய ஊதியம் வேண்டும். அடிக்க விரும்பாதவனை யாரும் கூப்பிடக்கூடாது. இவ்விரண்டும் அமைந்த பிறகு ஒருவன் குச்சியைக் கையில் எடுத்தால், அதுதான் சும்மா அடிப்பது.

இரண்டாவது, எங்களைப் போன்றவர்களைப் பற்றியது. ஊர்த்தெருவில் பிறந்தவன் நான். என் அப்பாயி இறந்தபோது எனக்குப் பத்து வயது. ஐப்பசி அடைமழை. வெளியூர் உறவினர் வந்து சேரத் தாமதமானதால் இரண்டு நாள் எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் எங்கள் வாசலுக்கு வெளியே, கொட்டகைக்கு அப்பால், நான்கு பேர் பறையடித்துக்கொண்டிருந்தார்கள். நனைந்த தோலைத் தீயில் காட்டுவதும் அடிப்பதும் மறுபடி காட்டுவதுமாக இருந்தார்கள். தீ எரியாமல் புகைந்தது. அவர்களில் ஒருவருக்குக் கடும் இருமல். அவர்கள் எங்கே உண்டார்கள், எப்போது படுத்தார்கள், கடைசியில் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று எனக்குத் தெரியாது. கேட்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. என் நினைவில் நின்றது ஒலி மட்டுமே. எவ்வளவு கம்பீரமாக அடித்தார்கள் என்று பின்னாளில் நண்பர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். அந்தக் கம்பீரம் ஒரு நோயாளி மனிதனிடமிருந்து கட்டாயமாக வாங்கப்பட்டது என்பது உறைக்க முப்பது ஆண்டுகள் ஆயின. இன்று பறையை விரும்பிக் கற்கும் எவரும், எந்தச் சாதியினராயினும் கற்கட்டும். அந்த இருமலையும் சேர்த்துக் கற்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

*

வரிச்சிக்குடிக்குத் திரும்புகிறேன். அன்று இருட்டும்வரை அந்த மதகில் முதியவருடன் அமர்ந்திருந்தேன். அவருடைய தகப்பனார் அந்த வட்டாரத்தில் பேர்பெற்ற அடிகாரர் என்று தெரிந்தது.

"எங்க அப்பாரு காலத்துல ஆள் வந்து கூப்பிட்டா போவணும் சார். காய்ச்சலா கெடந்தாலும் போவணும். அவரு கடைசியில, போதும்னுட்டு பறைய எரவாணத்துல சொருகிட்டாரு. என்னைய தொடவிடல. நானும் தொட்டதில்ல."

"இப்போது இந்தப் பிள்ளைகள் அடிப்பது உங்களுக்கு வருத்தமாக இல்லையா, ஐயா?" என்று கேட்டேன்.

உடனே விடை சொல்லவில்லை. மரத்தடியில் நின்றிருந்த பெண்களில் ஒருத்தியைக் கைகாட்டினார்.

"அது எம் பேத்தி. காலேசு படிக்கிது. மொத நாளு இது பறையோட வீட்டுக்குள்ள வந்தப்ப எனக்கு திக்குன்னுதான் இருந்திச்சு. யாரு கூப்பிட்டாங்கன்னு கேட்டேன். யாரும் கூப்பிடல தாத்தா, எனக்கு ஆசையா இருக்குன்னுச்சு. அப்புறம் நான் ஒண்ணும் சொல்லல."

சிறிது நேரம் கழித்து, பேத்தி சிண்டுக்குச்சியைத் தளர்த்திப் பிடிப்பதாகவும், அவர் தகப்பனார் அப்படிப் பிடிக்கமாட்டார் என்றும் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். ஒருநாளும் தொடாத கருவியின் பிடி அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. இறவாணத்தில் செருகி வைத்த பறையைச் சிறு பிள்ளையாய்ப் படுத்தபடி எத்தனை இரவு அண்ணாந்து பார்த்திருப்பாரோ.

நான் வண்டியை எடுக்கும்போது அவர் எழுந்து மரத்தடியை நோக்கி நடந்துகொண்டிருந்தார், பிடியைத் திருத்திக் கொடுக்க.